கட்டைக்கால் விமானமும் அகலவாய் என்ஜினும்

படிக்கட்டு வைத்து ஏற்றும் விமான நிலையங்களில் ஒரு நல்லது உண்டு: என்ஜினைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்பைஸ்ஜெட்டிலோ ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலோ போயிங் 737-800 கிடைத்தால், ஏறுவதற்கு முன் என்ஜினின் முன்வாயை ஒரு நிமிடம் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்காது. அடிப்பக்கம் தட்டையாக, யாரோ தரையில் வைத்து அழுத்தியது போல இருக்கும். பக்கத்தில் நிற்கும் இண்டிகோவின் ஏ320-க்கு இந்தச் சப்பை கிடையாது. அது காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். பயணிகள் ஜெட் விமானம் எழுபது ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது என்ற கதையில் பாதி இந்தச் சப்பைக்குள் இருக்கிறது.

மீதிப் பாதியைச் சொல்ல, வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1958-ல் சேவைக்கு வந்த போயிங் 707-ன் படத்தையும் இன்றைய ஏ350-ன் படத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். பின்சாய்ந்த இறக்கை, அதற்குக் கீழே தொங்கும் என்ஜின்கள், குழாய் போன்ற உடல், பின்னால் ஒரு வால். இரண்டும் ஒரே சாயல். வேகமும் கூடவில்லை. இன்றைய ஏ320 ஒலிவேகத்தில் 0.78 பங்கு போகிறது. 707 அதைவிட மெதுவாகப் போனதில்லை. அறுபதுகளில் கான்வேர் 990 என்ற விமானத்தைக் கூடுதல் வேகத்துக்காகவே கட்டினார்கள். 37 விற்றது, அத்தோடு சரி. வளர்ந்தது என்ஜினின் வாய். முதல் 707-ன் என்ஜின் சுமார் ஒரு மீட்டர் விட்டம். 777எக்ஸ்-க்காகச் செய்த ஜிஇ9எக்ஸ்-ன் விசிறி 3.4 மீட்டர்.

707-க்கு முன்னால் காமெட். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டிய இந்த விமானம் 1949 ஜூலை 27 அன்று ஹாட்ஃபீல்டில் முதலில் பறந்தது. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு, காசு கொடுத்து ஏறிய பயணிகளுடன் போனது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்துவிட்டது. ப்ரொபெல்லர் விமானங்கள் மேகத்துக்குள் ஆடிக்கொண்டு போன காலத்தில், 36 பேரை ஏற்றிக்கொண்டு 35,000 அடிக்கு மேலே அதிர்வில்லாமல் போனது. காமெட்டின் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, ‘என்ஜின் எங்கே?’ என்பதுதான். நான்கு கோஸ்ட் என்ஜின்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இறக்கைக்குள்ளேயே புதைந்திருந்தன. வெளியே தெரிந்தது காற்று போகும் வாய்கள் மட்டும். அழகுப் போட்டி வைத்தால் இன்றைக்கும் பரிசு அதற்குத்தான். அந்த அழகே அதற்கு வினையானது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அது உடைந்த கதை.

1953 மே 2, சேவை தொடங்கி சரியாக ஓராண்டு. கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் சூறைக்காற்றில் சிக்கி உடைந்து விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். புயல் மேல் பழி போட முடிந்தது. 1954 ஜனவரி 10-ல் எல்பா தீவருகே இன்னொன்று தெளிந்த வானத்தில் சிதறியது, 35 பேர். ஏப்ரல் 8-ல் நேப்பிள்ஸுக்குத் தெற்கே மூன்றாவது, 21 பேர். இதற்கெல்லாம் புயலைக் குறை சொல்ல வழியில்லை.

உயரத்தில் பறக்கும் விமானத்தின் உடல் ஊதிய பலூன். காமெட்டின் கேபினுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு. நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 5.8 டன். இதைத் தாங்கிய அலுமினியத் தகட்டின் தடிமன் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை ஊதி, ஒரு முறை இறங்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று ஒடியுமே, உலோகச் சோர்வு என்பது அதுதான்.

பிரிட்டனின் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்த ஃபார்ன்பரோவில் சர் அர்னால்ட் ஹால் தலைமையில் நடந்த சோதனை, பொறியியல் வரலாற்றில் மிகச் சுத்தமான துப்பறிதல் என்பேன். ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. உடலுக்குள்ளும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, இறக்கைகளை ஜாக்கி வைத்து வளைத்து, பயணம் பயணமாக நடித்துக் காட்டினார்கள். ஏன் தண்ணீர்? காற்றைக் கொண்டு ஊதினால், தகடு கிழியும் கணத்தில் அடைபட்ட காற்றெல்லாம் குண்டுபோல வெடித்து, முதல் விரிசல் எங்கே பிறந்தது என்ற தடயமே போய்விடும். தண்ணீர் அமுங்காது. கிழிந்த மறுகணமே அழுத்தம் விழுந்துவிடும், கிழிசல் அப்படியே நிற்கும். அந்த விமானம் அதற்கு முன் உண்மையில் பறந்தது 1,221 முறை. தொட்டியில் 1,836 முறை. மொத்தம் 3,057-வது சுற்றில் ஜன்னல் வரிசைத் திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து கிழிந்தது. எல்பாவில் விழுந்த விமானம் 1,290 பயணம்தான் பார்த்திருந்தது.

‘காமெட்டுக்குச் சதுர ஜன்னல், அதனால் விழுந்தது’ என்று இணையமெங்கும் எழுதியிருப்பார்கள். பாதி சரி. ஜன்னல் சதுரச் சாயல்தான், ஆனால் மூலைகள் வளைந்தவை, வளைவு போதவில்லை. எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகளின் ஜன்னலே இல்லை. கூரையில், வானொலித் திசைகாட்டியின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை. கூர்மையான திருப்பத்தில் விசையெல்லாம் வந்து குவியும். சில மூலைகளில் உலோகத்தின் உச்ச வலிமையில் எழுபது விழுக்காடு வரை அழுத்தம் ஏறியிருந்தது. டி ஹாவிலண்ட் சோதிக்காமல் விட்டுவிடவும் இல்லை; அங்கேதான் விஷயம். சோதனைக்கு எடுத்த உடற்பகுதியை முதலில் இரட்டிப்பு அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு அதே துண்டை வைத்துச் சோர்வுச் சோதனை செய்தார்கள். முதலில் கொடுத்த அந்தப் பெரிய அழுத்தத்தில் மூலைகளின் உலோகம் கொஞ்சம் இளகி நீண்டு இறுகிப்போனது. சோர்வைத் தாங்கும் சக்தி அந்தத் துண்டுக்கு மட்டும் கூடிவிட்டது. பதினாறாயிரம் சுற்றுக்கும் மேல் தாங்கியது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்த ‘மருந்து’ கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு விமானத்தின் வயதைப் பறந்த மணிகளோடு, எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். ஹவாய்த் தீவுகளுக்குள் இருபது, முப்பது நிமிடப் பயணங்களாக ஓடிய அலோஹா ஏர்லைன்ஸின் 737 ஒன்று 1988 ஏப்ரல் 28-ல் நடுவானில் முன்பக்கக் கூரையை இழந்தது. அது 89,680 சுற்றுகள் பார்த்திருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டில் பசை ஒட்டு உப்புக்காற்றில் விட்டுப்போய், பளு முழுவதும் ரிவெட்டுகள் மேல் விழுந்து, ஒவ்வொரு ரிவெட் ஓட்டையிலும் ஒரு குட்டி விரிசல். தனித்தனியே ஒன்றும் ஆபத்தில்லை. எல்லாம் ஒரே கோட்டில் கைகோத்தால் ஜிப் மாதிரி திறந்துகொள்ளும். ஏறும்போதே கதவோரம் ஒரு விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பிறகு சொன்னார்; ஏறும்போது யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.

காமெட்டின் புதைத்த என்ஜினுக்கு வருவோம். ஒவ்வொரு கோஸ்ட் என்ஜினும் சுமார் 5,000 பவுண்டு உந்துவிசை. அதைவிடப் பெரிய என்ஜின் வேண்டுமென்றால்? இறக்கையின் தடிமன்தான் எல்லை. அந்தக் குழிக்குள் நுழையாத எதையும் வைக்க முடியாது. இறக்கையைத் தாங்கும் பிரதான உத்திரத்தை வளைத்து ஓட்டை போட்டுத்தான் காற்றுவழி. தீப்பிடித்தாலோ, சூடான வாயுவில் சுழலும் டர்பைன் வட்டு உடைந்தாலோ பக்கத்திலேயே கேபின். ஒரு பம்ப்பைக் கழற்ற மெக்கானிக் உடம்பைக் குறுக்கி உள்ளே போக வேண்டும்.

போயிங் வேறு வழியில் வந்தது. 1945-ல் ஜெர்மனியின் ஆராய்ச்சிக் காகிதங்களைப் பார்க்கப் போன குழுவில் இருந்த ஜார்ஜ் ஷேரர் என்ற போயிங் பொறியாளர், பின்சாய்ந்த இறக்கையின் கணக்குகளைக் கண்டதும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் காற்று அதிர்ச்சி அலையாகக் கட்டிக்கொண்டு இழுக்கும். இறக்கையைப் பின்னால் சாய்த்தால் அந்த எல்லை தள்ளிப்போகும். 35 டிகிரி சாய்வோடு பி-47 குண்டுவீச்சு விமானம் பிறந்தது. என்ஜின்களை இறக்கைக்குள் வைக்காமல் கீழே, முன்னால் நீட்டி, பைலன் என்ற தாங்கியில் தொங்கவிட்டார்கள். பார்க்க அசிங்கம், லாபம் பல. தீப்பிடித்தால் இறக்கைக்கு வெளியே எரியும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அங்கங்கே தொங்கும் பாரம் அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் இறக்கையை இலேசாகக் கட்டலாம். மூடியைத் திறந்தால் தரையில் நின்றபடியே வேலை பார்க்கலாம். அப்போது யாரும் பெரிதாகப் பேசாத இன்னொரு லாபமும் உண்டு: தொங்கும் பொருள் வளரலாம்.

1954 ஜூலை 15-ல் டாஷ் 80 என்ற சோதனை விமானம் பறந்தது. போயிங் அதற்குப் போட்டது சொந்தக் காசு, 1.6 கோடி டாலர். அதிலிருந்து 707 வந்தது. பான் ஆம் நிறுவனத்தின் ஹுவான் ட்ரிப் 1955 அக்டோபரில் 20 போயிங், 25 டக்ளஸ் டிசி-8 என்று ஒரே நேரத்தில் இருவரிடமும் வாங்கினார். டக்ளஸின் உடல் அகலம். விட்டுக்கொடுக்க மனமில்லாத போயிங் தன் உடலை அதைவிட ஓர் அங்குலம் கூட்டி 148 அங்குலம், அதாவது 3.76 மீட்டர் ஆக்கியது. அதே அகலம் 727-க்குப் போனது, 737-க்குப் போனது, 757-க்கும் போனது. இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் புத்தம் புது 737 மேக்ஸில் நடு இருக்கையில் நீங்கள் முழங்கையை மடக்கி உட்காருகிறீர்களே, அந்த அளவு ஐம்பதுகளில் நடந்த ஓர் அங்குலப் போட்டியில் முடிவானது.

சரி, என்ஜின் வாய் ஏன் அகலமாக வேண்டும்? கணக்கு எளிது. விநாடிக்கு 10 கிலோ காற்றை விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் 3,000 நியூட்டன் உந்துவிசை. 100 கிலோ காற்றை 30 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 3,000 நியூட்டன். ஆனால் செலவழியும் சக்தி வேகத்தின் இருமடிப்படி ஏறும். முதலாவதற்கு 450 கிலோவாட், இரண்டாவதற்கு 45. பறக்கும்போது வித்தியாசம் இவ்வளவு இருக்காது, இருந்தாலும் திசை இதுதான். கொஞ்சம் காற்றை வெறியோடு தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது லாபம். சத்தத்திலோ லாபம் இன்னும் கொள்ளை. ஜெட் பீறிடும் சத்தத்தின் சக்தி வேகத்தின் எட்டாம் மடியாக ஏறுகிறது. வேகம் பாதியானால் சத்தத்தின் சக்தி 256-ல் ஒரு பங்கு.

அதனால் என்ஜினின் முன்னால் ஒரு விசிறி. விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போய் எரிபொருளோடு எரிந்து டர்பைனைச் சுழற்றும். மீதி, எரியாமலே சுற்றி வெளியே போகும். வெளியே போவதற்கும் உள்ளே போவதற்கும் உள்ள விகிதம்தான் பைபாஸ் விகிதம். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஜெட் யுகம் முழுவதையும் ஏறிக் கடந்துவிடலாம். காமெட், முதல் 707: பூஜ்யம். விமான நிறுவனங்களில் ஓடிய முதல் டர்போஃபேன் (இப்படி விசிறி வைத்த ஜெட் என்ஜின்), ரோல்ஸ்-ராய்ஸின் கான்வே: சுமார் 0.3. ஏர் இந்தியா 1960-ல் வாங்கிய 707-களில் இருந்தது இந்தக் கான்வேதான். ஏன் இவ்வளவு கஞ்சத்தனமான பைபாஸ்? அதை வடிவமைத்த காலத்தில் பிரிட்டனில் என்ஜின் இறக்கைக்குள் புதைய வேண்டும் என்பது எழுதாத சட்டம். வாயை அகலமாக்க இடமில்லை. போயிங்கில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் அது புதைப்பதற்கென்று பிறந்த உடம்போடுதான் தொங்கியது. 1961-ல் அமெரிக்க என்ஜின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னி பழைய 707 என்ஜினின் முன்னால் இரண்டு அடுக்கு விசிறியை மாட்டி 1.4-க்குக் கொண்டுபோனது.

பெரிய தாண்டல் 747. அதன் ஜேடி9டி என்ஜின்: விசிறி 2.3 மீட்டருக்கு மேல், பைபாஸ் 5. அவசரத்தில் பிறந்த குழந்தை. முழு சக்தியில் உந்தும்போது என்ஜினின் உறையே வளைந்து முட்டை வடிவமானது. உள்ளே சுழலும் பிளேடுகளின் நுனிக்கும் உறைக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளிதான் என்ஜினின் உயிர். ஒரு பக்கம் உரச, மறுபக்கம் இடைவெளி விரிந்து காற்று கசிந்தது. எரிபொருள் அதிகம் குடித்தது, சூடேறியது. உந்துவிசையைப் பிரித்து இரு பக்கமும் தாங்கும் ஒய் வடிவச் சட்டத்தைப் போட்டுத்தான் அடக்கினார்கள். அதுவரை போயிங்கின் எவரெட் தொழிற்சாலைக்கு வெளியே, இறக்கையில் என்ஜினுக்குப் பதில் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டு 747-கள் வரிசையாக நின்றன. பாரம் இல்லாவிட்டால் சமநிலை கெடும் என்பதற்காக. 1970 ஜனவரியில் பான் ஆமின் முதல் 747 சேவை நியூயார்க்கிலிருந்து கிளம்பும்போதே என்ஜின் சூடேறி, விமானத்தை மாற்றி, மணிக்கணக்கில் தாமதமாக லண்டன் போய்ச் சேர்ந்தது.

ரோல்ஸ்-ராய்ஸ் பட்ட பாடு இன்னும் மோசம். ஆர்பி211 என்ற தன் பெரிய என்ஜினுக்கு கார்பன் ஃபைபர் விசிறி பிளேடு என்று வாக்குக் கொடுத்தார்கள். 1970-ல் பறவை மோதும் சோதனை. சுழலும் விசிறிக்குள் செத்த கோழியை வேகமாக எறிந்ததும் பிளேடுகள் நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள், எடை ஏறியது, செலவு ஏறியது, 1971 பிப்ரவரி 4-ல் நிறுவனம் திவாலாகி அரசின் கைக்குப் போனது. யோசனை தவறில்லை, கால் நூற்றாண்டு முந்திவிட்டது. 1995-ல் 777-ல் வந்த ஜிஇ90-ன் விசிறி பிளேடுகள் கார்பன் ஃபைபர்தான், மோதும் விளிம்பில் மட்டும் டைட்டானியப் பட்டை. அதன் பெரிய வடிவமான ஜிஇ90-115பி ஒன்றே 1,15,000 பவுண்டு தள்ளும். காமெட் கணக்கில் 23 கோஸ்ட் என்ஜின்கள்.

ஒலியைவிட வேகமாகப் போன கான்கார்ட் பற்றி இரண்டு வரி போதும். 747 முதலில் பறந்து மூன்று வாரத்தில், 1969 மார்ச் 2-ல் அதுவும் பறந்தது. பைபாஸ் பூஜ்யம். சேவையில் ஓடியது 14 விமானம்.

என்ஜின் பெரிதாகி, நம்பகமாகியதும் எண்ணிக்கை குறைந்தது. இரண்டு என்ஜின் விமானம் பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1953-லிருந்து அமெரிக்க விதி. மூன்றாவது என்ஜினை வாலில் சுமந்த டிசி-10, டிரைஸ்டார் போன்றவை பிறந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றுமா? 1983 மே 5, மயாமியிலிருந்து நசாவ் போன ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார். எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்த முனை உண்டு; அதைக் கழற்றி மாற்றிய மெக்கானிக்குகள் மூன்று என்ஜினிலும் ரப்பர் ஓ-வளையம் போடாமல் முடுக்கிவிட்டார்கள். வழக்கமாக வளையம் மாட்டியே கைக்கு வரும், அன்றைக்கு வரவில்லை. மூன்றிலிருந்தும் எண்ணெய் கடலில் போனது. முதலில் நடு என்ஜினின் எண்ணெய் அழுத்தம் விழ, அதை அணைத்துத் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டும் நின்றன. சில நிமிடம் என்ஜினே இல்லாமல் சறுக்கி, முதலில் அணைத்ததை மறுபடி உயிர்ப்பித்து மயாமியில் இறக்கினார்கள். 172 பேரும் தப்பினார்கள்.

1985-ல் டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 767-க்கு அட்லாண்டிக் மேல் அந்த ஒரு மணி நேர எல்லையைத் தாண்ட அனுமதி கிடைத்தது, பிறகு 120 நிமிடம், 180 நிமிடம், இன்று ஏ350-க்கு 370 நிமிடம் வரை. இந்த அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் எனக்குப் பிடித்தது, ஒரே ஆள் ஒரே வருகையில் இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது என்பது. ஒருவன் மறந்தால் ஒரு என்ஜினோடு போகட்டும்.

இனி அந்தச் சப்பை வாய். 737 முதலில் பறந்தது 1967 ஏப்ரல் 9. சிறிய ஊர்களுக்கான விமானம். படிக்கட்டு வண்டி, பெட்டி ஏற்றும் பெல்ட் எதுவும் இல்லாத இடத்திலும் ஆள் நின்றபடியே சாமான் ஏற்ற வேண்டும் என்று கால்களைக் கட்டையாக வைத்தார்கள். அன்றைய ஜேடி8டி ஒல்லி என்ஜின், விட்டம் ஒரு மீட்டரை ஒட்டி. இறக்கையின் அடியில் சுருட்டுபோல ஒட்டிக்கொண்டது. எல்லாம் சரி. அப்போதே தாழ்வான வாயின் தொல்லை தெரிந்தது: தரைக்கு அருகே உறிஞ்சும் காற்று குட்டிச் சுழலாகி ஜல்லியை அள்ளி என்ஜினுக்குள் போடும். அலாஸ்காவின் ஜல்லி ஓடுபாதைகளுக்காக, வாய்க்குக் கீழே முன்னோக்கி நீளும் குழாயில் காற்றை ஊதி அந்தச் சுழலைக் கலைக்கும் சாதனமே விற்றார்கள்.

எண்பதுகளில் சிஎஃப்எம்56 என்ற புது என்ஜின் வந்தது, பைபாஸ் 5-ஐ ஒட்டி. மாட்டினால் தரையில் இடிக்கும். விசிறியை 1.73 மீட்டரிலிருந்து 1.52-க்குக் குறைத்தார்கள். என்ஜினின் வயிற்றில் இருக்கும் கியர்பெட்டியையும் பம்புகளையும் பக்கவாட்டுக்கு நகர்த்தினார்கள். உறையின் அடியைத் தட்டையாக்கினார்கள். அதுதான் நீங்கள் பார்த்த சப்பை. ‘காலை நீட்டிவிட்டால் போச்சே’ என்று தோன்றும். 737-ன் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கி வயிற்றின் நடுவில் ஏறக்குறைய தொட்டுக்கொள்கின்றன. கால் நீண்டால் மூட்டு வெளியே நகர வேண்டும், இறக்கை மாற வேண்டும், என்ஜின் தள்ளிப்போக வேண்டும். அதற்குப் புது விமானமே கட்டிவிடலாம். ஏ320 1987-ல் பறந்தபோது சிஎஃப்எம்56 ஏற்கனவே கையில் இருந்தது. அதை மனதில் வைத்துக் கால் போட்டார்கள். முன்யோசனை என்று புகழத் தேவையில்லை. இருபது வருடம் தள்ளிப் பிறந்த அதிர்ஷ்டம்.

2010 டிசம்பரில் ஏர்பஸ், ஏ320நியோவை அறிவித்தது. புது என்ஜின்: லீப்-1ஏ என்றால் விசிறி 1.98 மீட்டர், பிராட் அண்ட் விட்னி கியர் என்ஜின் என்றால் 2.06 மீட்டர். பைபாஸ் 11, 12. போயிங் அவசரமாக அடுத்த ஆண்டே 737 மேக்ஸை அறிவித்தது. அதற்கு 1.76 மீட்டர் விசிறிதான் நுழைந்தது. அதற்கே மூக்குச் சக்கரத்தின் காலை 20 சென்டிமீட்டர் உயர்த்தி, என்ஜினை இன்னும் முன்னால், இன்னும் மேலே தள்ளி மாட்ட வேண்டியிருந்தது. மூக்கு மிகவும் தூக்கியிருக்கும் நிலையில் அந்த முன்தள்ளிய பெரிய உறையே ஒரு குட்டி இறக்கையாகி விமானத்தை மேலும் தூக்கும். விமானி ஸ்டியரிங்கை இழுக்க இழுக்கக் கனம் கூட வேண்டும் என்பது விதி, இதில் இலேசானது. அதைச் சரிகட்ட வைத்த மென்பொருள்தான் எம்காஸ். விமானத்தைக் காப்பாற்றும் சாதனம் என்று பலர் எழுதினார்கள். அது கைக்குக் கிடைக்கும் உணர்வைச் சரிசெய்ய வந்தது. முதலில் வால் இறக்கையை ஒரு முறைக்கு 0.6 டிகிரி நகர்த்தும் அதிகாரம் கொடுத்தார்கள், பிறகு 2.5 டிகிரி. தகவல் மட்டும் ஒரே ஒரு கோண உணரியிலிருந்து. விமானி திருத்திய பிறகும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானத்தில் மாற்றிப் போட்ட உணரி 21 டிகிரி தவறாகக் காட்டியது. 2018 அக்டோபர் 29-ல் அது விழுந்து 189 பேர், 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்து 157 பேர் இறந்தார்கள். விமானங்கள் 20 மாதம் தரையில் நின்றன. கட்டைக்காலோடு குற்றத்தை முடித்துவிட மாட்டேன். இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றை மட்டும் கேட்டதும், கையேட்டில் விமானிகளுக்குச் சொல்லாமல் விட்டதும் கால் உயரத்தால் வந்தவை அல்ல.

நீண்ட கால் கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. விசிறி பெரிதானால் அதன் நுனி ஒலிவேகத்தைத் தாண்டும். மெதுவாகச் சுற்ற வேண்டும். அதை ஓட்டும் டர்பைனுக்கோ வேகமாகச் சுற்றினால்தான் பலன். இரண்டும் ஒரே தண்டில் இருப்பதுதான் சண்டை. பிராட் நடுவில் மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் கியர் போட்டது. எல்லோரும் பயந்தது கியருக்கு. கியர் நன்றாகவே ஓடுகிறது. தொல்லை வேறெங்கோ வந்தது. முதலில், அணைத்த என்ஜினில் சூடு மேலே ஏறி, தண்டின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாகி, மயிரிழை அளவு வளைந்தது. ஆற விட்டு, எரிபொருள் இல்லாமல் சும்மா சுற்றவிட்டு நிமிர்த்திய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். 2018 மார்ச்சில் ஒரு காற்றடைப்பு வளையக் கோளாறுக்காக நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ 11 நியோக்களை நிறுத்தியது, இண்டிகோவின் 8, கோஏரின் 3. 2023-ல் இன்னும் பெரிய அடி: வட்டுகள் செய்யும் உலோகத் தூளில் மாசு கலந்திருந்ததால், விரிசல் சோதனைக்காக நூற்றுக்கணக்கில் என்ஜின்களை இறக்க வேண்டி வந்தது.

பைபாஸைக் கூட்ட விசிறியைப் பெரிதாக்குவது ஒரு வழி, உள் என்ஜினைச் சிறிதாக்குவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. சிறிய அடுப்பில் அதே சமையல் ஆக வேண்டுமானால் தீ கூட வேண்டும். உயர் அழுத்த டர்பைன் பிளேடு தன் உருகுநிலையைவிடச் சூடான வாயுவில் நிற்கிறது. நிக்கல் கலவையை ஒரே படிகமாக வார்த்து, உள்ளே குடைந்து, மேலே ஊசித் துளைகள் போட்டு, கம்ப்ரஸர் அழுத்தித் தரும் காற்றை அவற்றின் வழியே கசியவிட்டு, பிளேடுக்கு ஒரு காற்றுப் போர்வை போர்த்துகிறார்கள். வளைகுடாவிலும் வட இந்தியாவிலும் உறிஞ்சும் தூசி அந்தச் சூட்டில் கண்ணாடிபோல உருகி அந்தத் துளைகளை அடைக்கிறது. போர்வை விலகிய இடத்தில் பிளேடு கருகும். எரிபொருளில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. பழைய சிஎஃப்எம்56-ஐ மெக்கானிக்குகள் இன்றும் ஆசையோடு பேசுவது இதனால்தான்.

அடுத்த படி உறையையே கழற்றிவிடுவது. உறை பெரிதாகப் பெரிதாக அதன் எடையும் காற்றுத்தடையும் விசிறி தரும் லாபத்தைத் தின்றுவிடும். சிஎஃப்எம் நிறுவனம் 2021-ல் அறிவித்த திறந்த விசிறித் திட்டம் இதற்குத்தான். எரிபொருளில் 20 விழுக்காடு மிச்சம் என்பது இலக்கு. ஆனால் உறை வெறும் மூடியாக மட்டும் இருந்ததில்லை. ஒவ்வொரு புது என்ஜின் வகையிலும் ஒன்றை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு விசிறி பிளேடின் அடியில் வெடி வைத்துக் கழற்றி, துண்டு வெளியே வராமல் உறை பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே சான்றிதழ். அப்படியும் 2018 ஏப்ரலில் சௌத்வெஸ்ட் 737 ஒன்றில் பிளேடு வேரில் சோர்வு விரிசலால் உடைந்தபோது, உறைமூடியின் துண்டு ஜன்னலை உடைத்து ஒரு பயணி இறந்தார். உறையே இல்லாத விசிறியில் பிளேடு போனால் அதைப் பிடிக்க உடலின் அந்தப் பகுதியில் கவசத் தகடு போட வேண்டும், அல்லது பிளேடு கழன்றே போகாது என்று நிரூபிக்க வேண்டும். அந்த விசிறி எந்தக் கால் உயரத்துக்கும் எளிதில் அடங்காது என்பது வேறு. இறக்கையையே உடலின் மேலே ஏற்றிவைக்கும் வரைபடங்களும் மேசையில் இருக்கின்றன.